கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்: ஆழ்ந்த மணற்படுகையின் பணி

முன்னுரை

வண்ண மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டியை விரும்பாதவர் இல்லை. தங்க மீனும் கப்பி மீனும் வளர்க்கும் நன்னீர்த் தொட்டிகளை நம் இல்லங்களிலேயே கண்டிருக்கிறோம். ஆனால் கடல் மீனையும் கடல் தாமரையையும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியைக் கண்டவர்கள் சிலரே. அதைத் தொடங்கியவர்களிலும் நிலைத்து நடத்தியவர்கள் இன்னும் சிலரே. ஏன்?

குளத்து மீன் மழைக்கும் வெயிலுக்கும், கலங்கலுக்கும் தெளிவுக்கும் பழகியது. கடல் மீனோ மாறாத நீரில் பிறந்து வளர்ந்தது. பரந்த கடலில் உப்பின் அளவும் வெப்பமும் எளிதில் மாறுவதில்லை. கழிவுகள் ஓரிடத்தில் தேங்குவதுமில்லை. அத்தகைய உயிரை ஐம்பது லிட்டர் நீருக்குள் கொண்டுவந்து அடைக்கும்போது, கடல் அதற்குச் செய்துவந்த பணிகள் அனைத்தையும் செய்யும் பொறுப்பு நம்மீது விழுகிறது. அப்பணிகளுள் முதன்மையானது நீரைத் தூய்மையாக வைத்திருப்பது. விலையுயர்ந்த கருவிகள் இன்றி, பெரும்பாலும் மணலைக் கொண்டே இதனைச் செய்யும் முறை ஒன்று உண்டு. ஆழ்ந்த மணற்படுகை என்று அதற்குப் பெயர். மணல் எவ்வாறு நீரைத் தூய்மை செய்கிறது, அதற்காக நாம் செய்ய வேண்டுவன எவை, செய்யலாகாதன எவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடலை வீட்டுக்குள் கொண்டுவந்த இரு பெண்மணிகள்

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கும் கலை வளர்ந்த வரலாற்றில் இரு பெண்மணிகளுக்கு முதன்மையான இடம் உண்டு. முதலாமவர் பிரான்சு நாட்டில் 1794-இல் பிறந்த ஜான் வில்ப்ரே பவர் அம்மையார். தையல் தொழிலில் வாழ்வைத் தொடங்கிய இவர், பின்னர் சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார். ஆர்கோநாட்டு என்னும் மெல்லுடலி தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறதா, வேறோர் உயிரிடமிருந்து பெறுகிறதா என்ற ஐயம் அந்நாளில் அறிஞர்களிடையே இருந்தது. அதனைத் தீர்ப்பதற்காக 1832-இல் இவர் கண்ணாடித் தொட்டி அமைத்து, அவ்வுயிரை நாள்தோறும் கூர்ந்து நோக்கினார். அது தன் ஓட்டைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்று மெய்ப்பித்தார்.

இரண்டாமவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா தின் அம்மையார். 1846-இல் டார்க்கீ கடற்கரையில் தாம் கண்ட கற்பவளங்களை இவர் லண்டன் நகருக்கு எடுத்துச் சென்றார். லண்டனுக்கு அருகே கடல் இல்லை. நீரை நாள்தோறும் மாற்ற வழியில்லை. எனவே அவர் இல்லத்துப் பணிப்பெண் திறந்த சன்னலின் முன் நின்று, ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு அந்நீரை அரைமணி நேரத்துக்கும் மேலாக ஊற்றி ஊற்றிக் காற்றேற்றுவாள். பின்னர் கடற்பாசியையும் சேர்த்தபோது அத்தொட்டி நிலைபெற்றது. நூல்களில் அம்மையாரின் பெயர் நிற்கிறது. நீரை ஊற்றிய அப்பெண்ணின் பெயரை அறிந்தவர் எவர்? எனினும் அவள் கை உழைப்பினால்தான் பவளங்கள் உயிர் வாழ்ந்தன. இன்றைய காற்றுப் பம்பு செய்யும் வேலை அதுவே.

ஆனால் காற்றேற்றுவது பாதி வேலையே. மறுபாதியைப் புரிந்துகொள்ள, நீர் ஏன் கெடுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நீர் கெடுவது எப்படி?

மீன் உண்ணும் உணவில் புரதம் மிகுதி. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. உடலில் சேர்ந்தது போக எஞ்சிய நைட்ரஜனை மீன் பெரும்பாலும் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. உண்ணாமல் விட்ட உணவும் அழுகி அம்மோனியா ஆகிறது. அம்மோனியா கொடிய நஞ்சு. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையதாதலால் (அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2), நன்னீரில் இருப்பதைவிட அங்கு அம்மோனியாவின் தீமை மிகுதி.

இந்நஞ்சை நீக்க வருபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை, அம்மோனியாவை ஆக்சிஜனுடன் சேர்த்து நைட்ரைட்டு ஆக்குகிறது. மற்றொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டு ஆக்குகிறது. இத்தகைய பாக்டீரியாக்களை 1890-இல் முதன்முதலாகத் தனித்துப் பிரித்து ஆராய்ந்தவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்னும் பெயர்களை மேல்வகுப்பு மாணவியர் படித்திருப்பீர்கள். மீன் தொட்டிகளில் நைட்ரோஸ்பைரா என்னும் மற்றொன்றும் பெரும்பங்கு ஆற்றுவது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. 2005-இல் இதிலும் வியப்பான செய்தி ஒன்று வெளியாயிற்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில், ஒரு தொட்டியின் சரளையிலிருந்து எடுத்த நுண்ணுயிர் ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றியது. அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்ததே அன்று. ஆர்க்கியா என்னும் வேறு பெரும் பிரிவைச் சேர்ந்தது! நாள்தோறும் பார்வையாளர் கடந்து சென்ற தொட்டியின் அடியில் அது இருந்திருக்கிறது.

நைட்ரேட்டு, அம்மோனியாவைப்போல உடனே கொல்வதில்லை. ஆனால் அது தேங்கிக்கொண்டே போகும். எவ்வளவு தேங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீன் உணவில் 45 விழுக்காடு புரதம் என்று கொள்வோம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே 1 கிராம் உணவில் இருக்கும் நைட்ரஜன் 72 மில்லிகிராம். அது முழுவதும் நைட்ரேட்டானால் ஏறத்தாழ 320 மில்லிகிராம் ஆகும். 52 லிட்டர் நீருள்ள தொட்டியில் இது லிட்டருக்கு 6 மில்லிகிராம். ஒரு திங்களில் 10 கிராம் உணவு இட்டால் லிட்டருக்கு 60 மில்லிகிராம்! பவளப் பாறைகளைச் சூழ்ந்த தூய கடல்நீரிலோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமும் இராது.

நீரைப் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் நைட்ரேட்டும் பத்தில் ஒரு பங்கே குறையும். பாதியாகக் குறைக்கப் பாதி நீரை மாற்ற வேண்டும். அவ்வளவு நீரை அடிக்கடி மாற்றுவது செலவு, உயிர்களுக்கும் அதிர்ச்சி. நைட்ரேட்டை நீரிலிருந்தே வெளியேற்ற வழி உண்டா? உண்டு. அவ்வழி மணலின் அடியில் இருக்கிறது.

மூச்சுள்ள மணலும் மூச்சற்ற மணலும்

நைட்ரேட்டில் நைட்ரஜனோடு ஆக்சிஜனும் சேர்ந்திருக்கிறது. ஆக்சிஜன் வாயு கிடைக்காத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள், சுவாசத்திற்காக நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. இறுதியில் எஞ்சுவது நைட்ரஜன் வாயு. அது குமிழியாகவோ நீரில் கரைந்தோ மேலே வந்து காற்றுடன் கலந்துவிடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே ஆதலால் இதனால் யாருக்கும் தீங்கில்லை. இச்செயலை 1880-களில் பிரான்சு நாட்டு அறிஞர்கள் கயோன், டூப்பெத்தி ஆகியோர் ஆராய்ந்து விளக்கினர்.

ஆகவே தூய நீருக்கு இருவகை இடங்கள் தேவை. அம்மோனியாவை மாற்ற ஆக்சிஜன் மிகுந்த இடம் வேண்டும்; நைட்ரேட்டை நீக்க ஆக்சிஜன் அற்ற இடம் வேண்டும். பழைய தொட்டிகளில் சரளையின் அடியில் துளையிட்ட தட்டை வைத்து, நீர் முழுவதையும் சரளையினூடே இழுப்பார்கள். சரளை முழுவதும் ஆக்சிஜன் பரவியதால் முதல் வேலை நன்றாக நடந்தது. இரண்டாம் வேலைக்கு இடமே இல்லாது போயிற்று. நைட்ரேட்டு தேங்கியது.

மணலை ஆழமாகப் பரப்பி, அதனூடே நீரை இழுக்காமல் அமைதியாக விட்டால், இரண்டு இடங்களும் தாமாகவே அமைகின்றன. அசையாத நீரில் ஆக்சிஜன் பரவுவது மிக மெதுவான செயல். தொலைவு இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். 1 மில்லிமீட்டர் பரவ ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும் என்றால், 1 சென்டிமீட்டர் பரவ ஏறத்தாழ 7 மணி நேரம். 10 சென்டிமீட்டர் பரவ ஏறத்தாழ ஒரு மாதம்! மணலுக்குள் வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் இன்னும் தாமதமாகும். போகும் வழியிலேயே மேலடுக்கு உயிர்கள் ஆக்சிஜனை உண்டு தீர்த்துவிடுகின்றன.

எனவே நன்கு முதிர்ந்த மணற்படுகையைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று அடுக்குகளைக் காணலாம்.

மேலடுக்கு: வெளிர் நிறம். ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் இருக்கலாம். ஆக்சிஜன் உண்டு. அம்மோனியா இங்கே நைட்ரேட்டாகிறது.

நடு அடுக்கு: சற்றே மங்கிய நிறம். ஆக்சிஜன் இல்லை, நைட்ரேட்டு உண்டு. நைட்ரஜன் வாயு இங்கே பிறக்கிறது. கண்ணாடியை ஒட்டிச் சிறு குமிழிகள் தென்படும்.

கீழடுக்கு: சாம்பல் அல்லது கறுப்பு நிறம். நைட்ரேட்டும் தீர்ந்த இடம். இங்குள்ள பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றமுடைய இது நச்சு வாயு. ஆனால் மேலே வரும் வழியில் ஆக்சிஜனைச் சந்தித்துத் தீங்கற்ற சல்பேட்டாக மாறிவிடுகிறது. அடுக்கைக் கலைக்காதவரையில் அஞ்ச வேண்டியதில்லை.

சிறு மணலின் பெரும் பரப்பு

இந்நுண்ணுயிர்களில் மிகப் பல மணலின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்பவை. பரப்பு மிகுந்தால் குடியிருப்பும் மிகும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் இடுவோம். மணலின் கன அளவு 21,600 கன சென்டிமீட்டர். மணிகள் உருண்டை என்றும், 0.2 மில்லிமீட்டர் விட்டம் உடையவை என்றும், இடைவெளி போக 60 விழுக்காடு மணலே என்றும் கொண்டால், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 180 சதுர சென்டிமீட்டர் பரப்பு கிடைக்கும். மொத்தம் ஏறத்தாழ 390 சதுர மீட்டர்! 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறைகள் எட்டின் தரையைச் சேர்த்தாலும் இதற்குச் சற்றுக் குறைவே.

மணிகள் 2 மில்லிமீட்டர் பருமணலாக இருந்தால் பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். மேலும் பருமணலின் இடைவெளிகளில் உணவுத் துணுக்குகள் இறங்கி அழுகும். பொடிமணலில் அவை மேலேயே தங்குவதால் சிறு உயிர்கள் அவற்றை உண்டுவிடும். பொடிமணலை விரும்புவதற்கு இவையே காரணங்கள்.

மணலை உழும் உயிர்கள்

இங்கே ஒரு வினா எழலாம். ஆக்சிஜன் கீழே பரவ அவ்வளவு காலம் ஆகுமானால், நைட்ரேட்டு மட்டும் எவ்வாறு கீழே செல்லும்? நல்ல வினா. பரவுதலால் ஓரளவே செல்லும். எஞ்சிய வேலையைச் செய்பவை மணலில் வாழும் சிற்றுயிர்கள்.

பாடத்தில் நீங்கள் படித்த நீரிஸ் புழுவின் இனத்தைச் சேர்ந்த சிறு புழுக்கள் மணலில் வளை தோண்டி, உடலை அசைத்து நீரை உள்ளே இழுக்கின்றன. அந்நீரோடு நைட்ரேட்டும் செல்கிறது. கோப்பிபாடு, ஆம்ஃபிபாடு முதலிய சிறு ஓட்டுடலிகள் எஞ்சிய உணவை உண்கின்றன. சிறு நத்தைகள் மேலடுக்கைக் கிளறி இறுகாமல் காக்கின்றன. நிலத்தில் மண்புழு செய்யும் உழவுப் பணியை மணலில் இவை செய்கின்றன. இவ்வுயிர்கள் இல்லாத மணல் நாளடைவில் கட்டியாக இறுகிப் பயனற்றுப் போகும்.

ஆகவே இவற்றை உண்ணும் விலங்குகளைச் சிறு தொட்டியில் விடலாகாது. மணலுள் புதைந்து இரை தேடும் நட்சத்திர மீன் சில வாரங்களில் எல்லாவற்றையும் தின்று தீர்த்து, பின்பு தானும் பட்டினியால் மடியும். மணலை வாயால் அள்ளிச் சலிக்கும் பெரிய உளுவை மீன்களும் இங்கு ஏற்றவை அல்ல.

இம்முறை வளர்ந்த வரலாறு

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல் உயிர்களை வளர்த்து, அம்முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். வடிகட்டும் கருவி இன்றி இயற்கையே நீரைத் தூய்மை செய்யும் என்பதை அவர் காட்டினார்.

1980-களில் நீஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஜோபேர் என்னும் பிரெஞ்சு அறிஞர், துளையிட்ட தட்டின் மேல் ஆழமாக மணல் பரப்பி, தட்டின் அடியில் அசையாத நீருக்கு இடம் விட்டு ஒரு முறையை வகுத்தார். மொனாக்கோவில் உள்ள புகழ்பெற்ற கடலியல் அருங்காட்சியகத்தில் இம்முறையால் பவளங்கள் செழித்தன. 1990-களில் அமெரிக்க விலங்கியல் அறிஞர் ரொனால்டு ஷிமெக், தட்டே தேவையில்லை, பொடிமணலும் அதில் வாழும் சிற்றுயிர்களுமே இன்றியமையாதவை என்று வலியுறுத்தினார். தட்டின் அடியில் வெற்றிடம் விடுவதால் பெரிய வேறுபாடு இல்லை என்பதை 2005-இல் டூனன், வீ ஆகியோர் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வும் காட்டியது. ஆகவே நாம் எளிய முறையையே மேற்கொள்ளலாம்.

சிறு தொட்டியில் செய்யும் முறை

1. தொட்டி: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் போதும். மணல் மட்டும் ஏறத்தாழ 32 கிலோ எடை இருக்கும், நீரும் சேரும். உறுதியான மேசை வேண்டும்.

2. மணல்: கால்சியம் கார்பனேட்டு ஆன பொடிமணல் சிறந்தது. அடியில் அமிலத்தன்மை ஏறும்போது அது சிறிது கரைந்து நீரின் காரத்தன்மையைக் காக்கும். கிடைக்காவிடில், நீர் வடிகட்டிகளுக்கு விற்கும் கழுவிய குவார்ட்ஸ் பொடிமணலும் நைட்ரேட்டை நீக்க உதவும். கடற்கரையில் பவளத்தையோ பவளப் பாறைத் துண்டையோ எடுக்கக் கூடாது. 2001 முதல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சட்டத்தினும் மேலாக, ஒரு தொட்டியின் அழகுக்காகக் கடலின் அழகைக் குலைப்பது முறையன்று.

3. ஆழம்: 10 முதல் 15 செ.மீ. 12 செ.மீ. இட்டு, மேலே 24 செ.மீ. நீர் நிரப்பினால், மணலின் இடைவெளியில் உள்ள நீரையும் சேர்த்து ஏறத்தாழ 52 லிட்டர் கிடைக்கும். தொட்டியில் இடம் போதாதெனில், மணலை ஒரு தனி வாளியில் நிரப்பி, தொட்டி நீர் அதன் மேற்பரப்பில் மட்டும் மெதுவாக ஓடித் திரும்பும்படி செய்யலாம். பயன் அதுவே.

4. நீர்: லிட்டருக்கு 35 கிராம் உப்பு. சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம் முதலிய பலவும் உண்டு. தூய கடல்நீரோ, தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையோ வேண்டும். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசு.

5. விதை: நன்கு நடக்கும் பழைய தொட்டியிலிருந்து இரு கையளவு உயிர்மணலைக் கேட்டு வாங்கி மேலே தூவுங்கள். தயிருக்கு உறை குத்துவது போன்றது இது.

6. காத்திருத்தல்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நைட்ரேட்டை நீக்கும் அடுக்கு அமைய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். சோதனைக் கரைசல்களால் வாரந்தோறும் அளந்து குறித்து வையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் இல்லை என்றான பின்னரே முதல் மீன். அதற்குப் பின்னும் ஒவ்வொன்றாக, வாரக் கணக்கில் இடைவெளி விட்டு. இத்தொட்டிக்கு இரண்டு சிறு மீன்களுக்கு மேல் வேண்டா.

7. நாள்தோறும்: ஆவியான நீருக்கு ஈடாக உப்பற்ற தூய நீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை அன்றோ? 3 லிட்டர் ஆவியானால் உப்பு 35-லிருந்து 37 கிராமுக்கு ஏறிவிடும். பெருந்தொட்டியில் இது தெரியாது. சிறு தொட்டியில் உயிர் வருந்தும். உணவைச் சில நிமிடங்களில் உண்ணும் அளவே இடுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

8. செய்யலாகாதது: மணலைக் கிளறாதீர்கள்; குழாய் விட்டு உறிஞ்சாதீர்கள். தரையைப் பெருக்குவது நல்ல பழக்கம். ஆனால் இந்தத் தரையைத் துப்புரவு செய்தால் துப்புரவு செய்பவர்களையே வெளியேற்றியதாகும்.

மணலால் இயலாதவை

மணற்படுகை எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணலாகாது. உணவில் பாஸ்பரசும் உண்டு. நைட்ரஜனைப்போல அதற்கு வாயுவாகி வெளியேறும் வழி இல்லை. பாஸ்பேட்டாகத் தொட்டியிலேயே தேங்கிப் பாசியை வளர்க்கும். ஆகவே வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது இன்றியமையாதது. சில ஆண்டுகளில் மணலிலும் கசடு சேர்ந்து அதன் ஆற்றல் குறையக்கூடும். இக்காரணங்களால் மணற்படுகையை விட்டு வேறு முறைகளை நாடியவர்களும் உண்டு.

தொட்டியை இடம் மாற்ற நேர்ந்தால் மணலோடு தூக்கக் கூடாது. அடுக்குகள் கலைந்து நச்சு வாயு நீரில் கலக்கும். உயிர்களை வேறு கலத்துக்கு மாற்றி, மணலைத் தனியே எடுத்துக் கழுவி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்தடையையும் நினைவில் கொள்ள வேண்டும். மீன் மட்டுமன்றி மணலிலுள்ள கோடானுகோடி உயிர்களும் ஆக்சிஜனை உண்கின்றன. காற்றுப் பம்பு நின்றால் சில மணி நேரத்தில் ஆபத்து நேரும். மின்கலத்தால் ஓடும் சிறு பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். அதுவும் இல்லையெனில் லண்டன் பணிப்பெண்ணின் வழி இருக்கவே இருக்கிறது: ஒரு குவளையால் நீரை மொண்டு, மணல் கலையாதபடி மேலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

பெருங்கடலிலும் இதுவே

தொட்டியில் நாம் காண்பது கடலில் நடப்பதன் சிறு பகுதி. கரையோரக் கடலடி மணலும் சேறும், ஆறுகள் கொண்டுவரும் நைட்ரேட்டில் ஒரு பெரும் பகுதியை இவ்வாறே நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்புகின்றன. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு வயல்களிலிருந்து உரச்சத்தை வாரிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவில் சேர்க்கிறது. அதனால் பாசி பெருகி அழுகி, கோடைதோறும் அங்கே கடலடியில் ஆக்சிஜன் அற்ற பகுதி உண்டாகிறது. 2017-இல் அதன் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரையும் தாண்டியது. ஒரு சிட்டிகை உணவு மிகுந்தால் சிறு தொட்டியில் நேர்வதும், உரம் மிகுந்தால் பெருங்கடலில் நேர்வதும் ஒரே விதியின் வழி நடப்பவை.

தொட்டி இல்லாதவர்க்கு ஒரு சோதனை

எல்லோராலும் தொட்டி வாங்க இயலாது, வாங்கவும் வேண்டியதில்லை. கடற்கரை அருகில் உள்ளோர் வாய் அகன்ற கண்ணாடிப் புட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு ஈரமணலும் அதற்கு மேல் நான்கு விரல் கடல்நீரும் எடுத்து வாருங்கள். ஓர் உலர்ந்த இலையைப் பொடித்து மணலில் கலந்திடுங்கள். புட்டியை இறுக மூடாமல், காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை அடுக்குகளின் நிறத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து படம் வரையுங்கள். எந்த வாரத்தில் கறுப்பு தோன்றியது? அது மேலே ஏறியதா, இறங்கியதா? குமிழிகள் எங்கே தென்பட்டன? முகத்தை அருகில் வைத்து முகர வேண்டா. இறுதியில் வெளியில் கொட்டி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

முடிவுரை

மாணவியரே, நன்கு காக்கப்படும் கோமாளி மீன் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. அவசரமாகத் தொடங்கிய தொட்டியில் அதே மீன் மூன்று வாரம்கூட வாழாமல் மடிகிறது. நோயுற்று மடிந்தது என்று நாம் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் காரணம், மணல் முதிரும் முன்னரே மீனை விட்டதுதான். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே உயிரைக் காக்கும் விதி. வெறும் மணலையும் நீரையும் சில மாதம் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை உள்ளவரே கடல் மீனை வாங்க உரிமை உள்ளவர். வாங்கும்போதும், கடலில் பிடித்ததை விடுத்துப் பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கோமாளி மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்யும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

அத்தகைய தொட்டி ஒன்றின் முன் நிற்க வாய்க்கும்போது, மீனைப் பார்த்து மகிழுங்கள். பின்பு சற்றே குனிந்து, கண்ணாடியின் அடியில் உள்ள மணலையும் பாருங்கள். அங்கே ஒரு சிறு குமிழி மெல்ல மேலெழுவதைக் கண்டால், மேலே நீந்தும் மீனுக்கு இன்றைய நாள் அதனால் கிடைத்தது என்று அறிந்துகொள்ளுங்கள்.